பித்தளை நெரித்த ஈயம்

“மாமா, நம்ம பிரஸ்ல இருந்த டைப்ல ஈயம் எவ்வளவு, ஆன்டிமனி எவ்வளவு?”

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தது. கேட்டவன் என் அக்கா மகன். டெக்சாஸில் வேலை, வார இறுதியில் கைத்துப்பாக்கிப் போட்டி. நான் நகரியில் இருபத்தெட்டு வருடம் அச்சகம் நடத்தியவன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு என்று கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. 1960 ஏப்ரலில் திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு மொழி டைப்பும், அதாவது கையால் கோக்கும் ஈய எழுத்துகளும், இல்லாமல் இந்த ஊரில் பிரஸ் வைக்க முடியாது. ஆஃப்செட் வந்த பிறகு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். எழுத்து அடுக்கும் கேஸ் ஒன்றே ஒன்று மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பேரன் அதிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி விளையாடுவான்.

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு, கல்லூரியில் என்.சி.சி.க்காக .22 ரைஃபிளில் சில ரவை சுட்டதோடு சரி. ஆனாலும் மருமகனின் இந்தச் சிக்கலில் மூன்று மாதம் கூடவே இருந்தேன். என்ன கோளாறு, எதை நம்பி ஏமாந்தோம், கடைசியில் எந்தக் குண்டைத் தேர்ந்தெடுத்தான் என்பதை எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா சேர்த்துக்கொள்ள, அதாவது பித்தளை உறைக்குள் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்கிக்கொள்ள, மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் இலுப்பைக் கரண்டியில் ஈயத்தை உருக்கக் கிளம்ப வேண்டாம்.

புகார்

துப்பாக்கி 9 மி.மீ. அரைத்தானியங்கி. எஃகு உடம்பு, குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கும் வழக்கமான வரிப்பள்ளங்கள். கடைத் தோட்டா வாங்கிச் சுட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று தானே தோட்டா சேர்த்துக்கொண்டிருந்தவன், செம்பு உறை போட்ட குண்டை விட்டுவிட்டு வார்ப்பு ஈயக் குண்டுக்கு மாறியிருந்தான். ஈயக் குண்டு விலை குறைவு, குழலும் குறைவாகத் தேயும். தவறு ஒன்றுமில்லை. ஒரு கடையில் 125 கிரெயின் எடையுள்ள, அதாவது சுமார் 8 கிராம், உருண்டை மூக்குக் குண்டு ஒரு பெட்டி வாங்கினான். ‘கடின வார்ப்பு’ என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. 92 பங்கு ஈயம், 6 ஆன்டிமனி, 2 வெள்ளீயம். உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் எண் 15-ஐ ஒட்டி.

முதல் ஐம்பது ரவை நன்றாகப் போனது. நூறைத் தாண்டியதும் குண்டுகள் சிதறின. இருநூறில் காகித இலக்கில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீள ஓட்டை. குண்டு சுழற்சி பிடிக்காமல் கவிழ்ந்து, பக்கவாட்டில் போய் மோதுகிறது என்று அர்த்தம். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படம் அனுப்பினான். பள்ளங்களில் வெள்ளி ஜரிகை ஒட்டியது போல ஈயம் அப்பியிருந்தது.

“எந்தப் பக்கம் அதிகமாக இருக்கு? தோட்டா உட்காரும் பக்கமா, வாய்ப் பக்கமா?” என்று கேட்டேன். எனக்குத் துப்பாக்கி தெரியாது, ஆனால் ஈயம் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தால் எதற்காக ஒட்டுகிறது என்று தெரியும். டைப் வார்க்கும் பட்டறையில் அச்சின் வாயில் ஒட்டினால் ஒரு காரணம், அடியில் ஒட்டினால் வேறு காரணம். அதே புத்திதான். அவன் பார்த்துவிட்டு, தோட்டா உட்காரும் பக்கம்தான் என்றான். பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதும் அதுதான். வாய்ப் பக்கம் ஒட்டினால் குண்டின் மேல் பூசிய மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துபோயிருக்கும். ஆரம்பத்திலேயே ஒட்டினால், சூடான வாயு குண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் பாய்ந்து, அதன் அடி விளிம்பை உருக்கிக் குழலில் பூசியிருக்கும். இந்த ஒரு கேள்விக்கு வந்த பதிலை அன்றைக்கே மதித்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். மதிக்கவில்லை.

கணக்குப் போட்டுக் கெட்டது

அவனுக்கு யாரோ ஒரு சூத்திரம் சொல்லியிருந்தார்கள். பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்கினால், அந்த ஈயம் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் தாங்கும் என்று வரும். 15-க்கு 21,330. ஆனால் 9 மி.மீ. தோட்டாவின் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 35,000. “தாங்காத ஈயத்தைச் சுடறேன் மாமா, அதான் கிழியுது. இன்னும் கடினமா வேணும்.” லைனோடைப், அதாவது வரிவரியாக எழுத்து வார்க்கும் அச்சு மெஷின், அதன் உலோகத்தின் பிரினெல் 22. பெருக்கினால் 31,284. கிட்டத்தட்ட ஒத்து வருகிறது. அதனால்தான் அந்த ராத்திரி டைப் பற்றிய கேள்வி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லைனோடைப் கலவை என்றால் 84 ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். கையால் கோக்கும் டைப்பில் ஆன்டிமனி இன்னும் அதிகம். நம் ஊர் அஞ்சனக்கல்லில் இருப்பது இந்த ஆன்டிமனிதான். அது கடினத்தைத் தரும், ஆறும்போது சுருக்கத்தைக் குறைக்கும். வெள்ளீயம், அதாவது ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் உலோகம், உருகிய கலவையை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓட வைக்கும். எழுத்தின் கொம்பும் சுழியும் கூர்மையாக வருவது அதனால்தான். எல்லாவற்றையும் வாத்தியார் மாதிரி சொன்னேன். கேட்கவேண்டிய ஒரே கேள்வியை, “கடினம்தான் குறை என்று எப்படித் தெரியும்?” என்பதை, கேட்கவில்லை.

லைனோடைப் கலவையில் வார்த்த குண்டு ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிச் சுட்டான். முன்னைவிட மோசம். நாற்பதாவது ரவையிலேயே ஜரிகை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சுத்தக் காரீயம் உருகுவது 327 டிகிரியில். லைனோடைப் கலவை உருகுவது 240-ஐ ஒட்டி. மெஷினில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையவேண்டும் என்பதற்காகவே அந்த விகிதம். கையில் நகத்தால் கீறினால் கடினம்தான், ஆனால் சூட்டுக்கு முந்திக்கொண்டு உருகுகிறவன் அவன்தான். அது போக, மெத்தென்ற குண்டாக இருந்தால் பின்னாலிருந்து அழுத்தம் விழுந்ததும் அடிப்பாகம் கொஞ்சம் புடைத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். கடினமான குண்டு புடைக்காது. முதலில் இருந்த இடைவெளி கடைசிவரை இருக்கும், அதன் வழியாக வாயு பாயும். அந்தச் சூத்திரம் பொய்யில்லை. குண்டு குழலுக்குச் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

கடினம் விற்பது சுலபம். பெட்டி மேல் ஓர் எண்ணைப் போட்டால் போதும். பொருத்தத்தைப் பெட்டி மேல் போட முடியாது, ஏனென்றால் அது வாங்குகிறவனுடைய குழலில் இருக்கிறது.

மைக்ரோமீட்டர் எடுத்த பிறகு

சரி, குழலை அளந்து பார் என்றேன். மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவி, கழற்றி வைத்த குழலுக்குள் மரக்கோலால் தட்டித் தட்டி மறுபக்கம் வரை தள்ளினான். வெளியே வந்த உருண்டையில் பள்ளங்களின் பதிவு இருக்கும், அதை மைக்ரோமீட்டரில் பிடித்தால் குழலின் உள் அளவு கிடைத்துவிடும். வெர்னியர் காலிப்பர் போதாது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்காகச் சண்டை போடும் இடத்தில் அது குத்துமதிப்பு.

9 மி.மீ. குழலின் எதிரெதிர்ப் பள்ளங்களுக்கு இடையே புத்தக அளவு 0.355 அங்குலம். அவன் குழல் 0.356-க்கு ஒரு முடி மேலே. வாங்கிய குண்டுகள் 0.3555. செம்பு உறை போட்ட குண்டுக்கு இது பரவாயில்லை. ஈயக் குண்டு மட்டும் பள்ளத்தைவிடச் சற்றே, ஆயிரத்தில் ஒரு பங்கு போல, பெரிதாக இருக்கவேண்டும், அப்போதுதான் அழுந்தி அடைக்கும். அவனுடையது சிறிதாக இருந்தது. இரண்டு மாதமாகச் சல்லடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சல்லடைக் கம்பி போதுமான கடினமாக இல்லை என்று யோசித்திருக்கிறோம்.

இதில் எனக்குத்தான் வெட்கம். டைப்பின் உயரம் 0.918 அங்குலம். அதில் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைந்த எழுத்து காகிதத்தில் மங்கலாக விழும். அதன் அடியில் மெல்லிய தாள் ஒட்டி ஒட்டியே என் பாதி ஆயுள் போனது. எழுத்து சரியாகப் பதியவில்லை என்று நான் ஒரு நாளும் இன்னும் கடினமான டைப் வாங்கியதில்லை.

0.357-க்கு அளவெடுத்த குண்டு வாங்கினான். இந்த முறை கலவையும் சாது, பிரினெல் 12. ஈயம் ஒட்டுவது பாதியாகக் குறைந்தது. பாதிதான். சாவித்துவாரம் போய்விட்டது, ஆனால் நூற்றைம்பது ரவைக்குப் பிறகு மறுபடி ஜரிகை, அதே இடத்தில்.

இங்கேதான் அவன் கைவிடப் பார்த்தான். “உறை போட்ட குண்டுக்கே போயிடறேன் மாமா.” நான் தூங்காமல் யோசித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தில் எப்படியும் தூக்கம் வராது. கம்போஸ் பண்ணிய பக்கத்தைச் சட்டத்துக்குள் வைத்து இறுக்குவோம். கையில் இருந்தவரை எல்லா எழுத்தும் ஒரே மட்டம். அளவுக்கு மேல் முறுக்கினால் நடுவில் எழுத்துகள் எழும்பிக்கொள்ளும். டைப் மாறவில்லை, அதைப் பிடித்திருக்கிற பிடி மாற்றிவிட்டது. காலையில் கேட்டேன்: “குண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அளந்தாய். பித்தளை உறைக்குள் போட்டு முடித்த பிறகு, திரும்ப வெளியே எடுத்து அளந்தாயா?”

அளக்கவில்லை. யாரும் அளப்பதில்லை போலிருக்கிறது.

சேர்த்து வைத்த தோட்டாக்களில் ஐந்தைப் பிரித்தான். சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. அதன் தலையில் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று வந்துவிடும். ஐந்து குண்டின் அடிப்பாகத்தையும் அளந்தான். 0.357-ஆக உள்ளே போனவை 0.355-ஆக வெளியே வந்தன. ஒன்று அதைவிடவும் குறைவு.

‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்று பழமொழி சொல்வோம். இங்கே பித்தளை இளிப்பதோடு நிற்கவில்லை, கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறது. அவனிடம் இருந்த கருவியில் உறையின் வாயை விரிக்கும் முளை, செம்பு உறை போட்ட 0.355 குண்டுக்காகச் செய்தது. செம்பு கடினம், பித்தளை அதற்கு விட்டுக்கொடுக்கும். பிரினெல் 12 ஈயம் பித்தளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. போதாக்குறைக்கு 9 மி.மீ. உறை உள்ளே போகப் போகத் தடித்துக்கொண்டே போகும், அதனால் குண்டின் அடியில்தான் நெரிசல் அதிகம். கடைசியில் வாயை மூடும்போதும் அவன் தாராளமாகவே அழுத்தியிருந்தான்.

ஈயக் குண்டுக்கென்று கொஞ்சம் பெரிதாகவும் நீளமாகவும் செய்த முளை தனியாகவே விற்கிறது. வாங்கி மாட்டினான். மூடுகிற அழுத்தத்தை, விரிந்த விளிம்பு நேராகும் அளவோடு நிறுத்தினான். இதிலும் எல்லை உண்டு. பிடி தளர்ந்தால், தோட்டா அடுக்கும் மேகசினிலிருந்து சறுக்குப் பாதையில் மோதும்போது குண்டு உறைக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும், துப்பாக்கியும் கையும் சேதமாகலாம். முடித்த தோட்டாவை மேசை விளிம்பில் கட்டை விரலால் தள்ளிப் பார்த்து, நீளம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டான். மறுபடி ஐந்தைப் பிரித்து அளந்தான். 0.3565-க்குக் கீழே எதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை இருநூறு ரவை. குழலில் சாம்பல் நிறப் புகைக்கறை மட்டும். ஜரிகை இல்லை.

பழைய ஈயத்தைச் சுரண்ட அவன் உபயோகித்தது பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச் சுருள். செம்பு முலாம் பூசிய இரும்பும் அதே பெயரில் கிடைக்கும், அது குழலைக் கீறிவிடும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கு என்றேன். இந்த ஒரு யோசனை மட்டும் என் மனைவியுடையது.

மூக்கும் எடையும்

அளவு சரியான பிறகு மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. 0.358 போட்டால் இன்னும் நன்றாக அடைக்குமே என்று ஒரு ஆசை. ரிவால்வராக இருந்தால் கொஞ்சம் இடம் கொடுக்கும். அரைத்தானியங்கியில் தோட்டா தானாக உள்ளே போய், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு முழுசாக மூட வேண்டும். கழற்றிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டால் ‘டக்’கென்று உட்கார வேண்டும், விரலால் சுழற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானே விழ வேண்டும். 0.358 உட்காரவே இல்லை. அந்தக் குழலுக்கு உச்சவரம்பு 0.357 என்று தீர்ந்தது.

இலக்கில் சுத்தமான வட்ட ஓட்டை விழும் என்று தோள் வைத்த தட்டை மூக்குக் குண்டையும் முயற்சி செய்தான். .45 காரர்கள் 200 கிரெயினில் அதைத்தான் காலங்காலமாகச் சுடுகிறார்கள். இவன் துப்பாக்கியில் இருபதுக்கு ஒன்று தோள் இடித்துக்கொண்டு நின்றது. மணியடித்ததும் ஓடிச் சுடுகிற போட்டியில் இருபதுக்கு ஒன்று என்பது தோல்விதான். உருண்டை மூக்குக்கே திரும்பினான். முழுத் தட்டையான குண்டை ஓட்டும் அரைத்தானியங்கிகளும் இருக்கின்றன. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் .32 துப்பாக்கிகள் அந்த வகைதான். நம் நாட்டுத் துப்பாக்கி வீரர் ஜஸ்பால் ராணா 1994-இல் ஹிரோஷிமாவிலும் 2006-இல் தோஹாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய பிரிவு அது. ஆனால் அவை அந்தக் குண்டுக்காகவே செய்த துப்பாக்கிகள், நின்று நிதானமாகச் சுடுகிற போட்டி.

எடையில் 147 கிரெயினா, 125-ஆ என்று ஒரு வாரம் ஊசலாடினான். அவன் போகும் யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின் போட்டியில் எடையை, வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வரவேண்டும். வராவிட்டால் சுடலாம், மதிப்பெண் கிடையாது. 147 கிரெயின் 870 அடி வேகத்தில் போனாலே 127.9 வந்துவிடும், உதைப்பும் மெதுவாக இருக்கும் என்கிறார்கள். 125 கிரெயின் 1,050 அடி வேகத்தில் போனால் 131 வரும். மெதுவான உதைப்பு நல்லதுதான். ஆனால் 147 கிரெயின் குண்டு நீளம், உறைக்குள் ஆழமாக இறங்கும், பித்தளை தடித்த இடத்தில் போய் மாட்டும். நெரிசலைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் மறுபடி அங்கே போகவேண்டாம் என்று 125-லேயே நின்றான். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய இருப்பார்கள். 147 சுட்டு ஜெயிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக மெழுகை விட்டுப் பாலிமர் பூச்சுக் குண்டுக்கு மாறினான். மெழுகுப் புகை உள்ளரங்கில் கண்ணை மறைக்கிறது என்றான். பூச்சு குழலையும் சுத்தமாக வைக்கிறது. இதை முதலிலேயே வாங்கியிருக்கலாமே என்று அவன் நண்பர்கள் கேட்டார்களாம். வாங்கியிருந்தாலும் அந்தப் பழைய முளை பூச்சோடு சேர்த்துத்தான் நெரித்திருக்கும்.

ரத்தப் பரிசோதனை

நடுவில் அவன் சொந்தமாகவே குண்டு வார்க்க ஆசைப்பட்டான். அச்சு, அடுப்பு எல்லாம் பார்த்து வைத்திருந்தான். அந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். என் பிரஸ்ஸில் டைப் கோத்த கையோடு பொரி தின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் தின்றிருக்கிறேன். அவன் வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் குழந்தைகளின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவை 2021-இல் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5-ஆகக் குறைத்தது. வார்க்காமல் சுட மட்டும் செய்தாலும் தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் பிரைமரின் புகையில் ஈயம் இருக்கிறது, உள்ளரங்கில் அதை மூச்சில் இழுக்கிறோம். “முதல்ல ரெண்டு பேரும் ரத்தம் கொடுங்கடா, அப்புறம் அடுப்பு வாங்கலாம்.”

கொடுத்தார்கள். அவனுக்கு 9, குழந்தைக்கு 1.4. அடுப்பு வாங்கவில்லை. கடைக் குண்டுதான் இன்னமும். சுட்டுவிட்டு வந்தால் ஷூவைக் கராஜிலேயே கழற்றிவிட்டு, உடுப்பைத் தனியாகத் துவைத்துவிட்டு, குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்குகிறானாம்.

அந்த எண்கள் வந்த அன்றைக்கு, கட்டிலுக்கு அடியில் இருந்த கேஸை இழுத்துப் பரண் மேல் ஏற்றினேன். பேரன் ‘ழ’வைக் கேட்டு அழுதான். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.